70 செ.மீ. தடைக்கு முன்னால் நிற்கும் குதிரை: தைரியத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

சவுக்குத்தோப்பு (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். ரேஸ் ஓடி ரிட்டயர் ஆன தரோபிரெட் (ரேஸ் இனக் குதிரை), ஜெல்டிங் (காயடிச்ச ஆண்), ஒன்பது வயசு, 15.3 கை உயரம். பிளாட் வேலையில (தடை இல்லாத சவாரியில) குறை இல்ல. 50 செ.மீ. க்ராஸ் போலை (பெருக்கல் குறி மாதிரி வச்ச ரெண்டு கம்பம்) யோசிக்காமத் தாண்டுது. 70 செ.மீ. வெர்டிகல் (கம்பங்களை நேரா ஒண்ணுமேல ஒண்ணா வச்ச தடை) வச்சா மூணுல ஒரு தடவை அடியில வந்து நின்னுடுது. கீழே நீல டிரம் வச்சுட்டா கதையே வேற. ஆறேழு ஸ்ட்ரைட் (பாய்ச்சல் எட்டு) முன்னாடியே தலையைத் தூக்கி, காதை விறைச்சுக்கிட்டு வேகத்தைக் குறைக்குது. தாண்டாம தடைக்குப் பக்கத்துல வெளியே நழுவினா எப்பவும் இடது பக்கம்தான்.

மைதானம் 20-க்கு 60 மீட்டர், ஆத்து மணல். போல் (தடைக் கம்பம்) எல்லாம் பெயின்ட் அடிக்காத சவுக்கு. சவாரி காலை 6 மணிக்கு. இன்னும் எட்டு வாரத்துல ஒரு 80 செ.மீ. கிளாஸ் (தடை தாண்டும் போட்டி) இருக்கு.

இது பயமா, வலியா, பிடிவாதமா, எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது? எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? இடைவெளி அளவோட சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். சாட்டையைக் கூட்டினா சரியாகும்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு அதுல மனசு ஒப்பல.

குளம்பொலி (பதில்):

உங்கள் மனசு சொல்வது சரி. பிடிவாதம் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, குதிரை எந்த இடத்தில், எத்தனையாவது தடவையில் நிற்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

தூரத்திலேயே தலை தூக்கி வேகம் குறைந்தால், அது பார்க்கிற பொருளில் சந்தேகம். நன்றாக வந்து கடைசி அரை ஸ்ட்ரைடில் நின்றால், எழும்பும் தூரம் ஒத்துவரவில்லை, அல்லது மேலே இருப்பவர் முன்னால் சாய்ந்துவிட்டார். முதல் பத்துத் தடவை தாண்டிவிட்டு அதற்குப் பிறகு நிற்க ஆரம்பித்தால் களைப்பு அல்லது வலி. வெர்டிகலைத் தாண்டி ஆக்ஸரில் (முன்னும் பின்னும் கம்பம் வைத்த அகலத் தடை) மட்டும் நின்றால் முதுகையும் பின்னங்காலின் நடுவில் உள்ள ஹாக் மூட்டையும் சந்தேகப்படுங்கள். இறங்கும் இடம் கெட்டியாக இருக்கும்போது மட்டும் நின்றால் முன் குளம்பு. உங்கள் குதிரையிடம் இரண்டு விதம் கலந்திருக்கிறது: டிரம்மில் பார்வைச் சந்தேகம், வெறும் வெர்டிகலில் வேறு ஏதோ. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது.

பயிற்சிக்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் குதிப்பு வேண்டாம்.

முதுகு: முதுகெலும்புக்கு இரண்டு விரல் தள்ளி, தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை இரு பக்கமும் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் முதுகைக் கீழே வாங்கினாலோ, வாலைச் சுழற்றினாலோ, தசை கல்லாக இறுகினாலோ அங்கே வலி இருக்கிறது. அடுத்து சேணத்தைப் பேடு இல்லாமல் வைத்துப் பாருங்கள். தோள்மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் வேண்டும். ரேஸ் குதிரைகளுக்குத் தோள்மேடு உயர்ந்து, அதன் இரு பக்கமும் குழிந்திருக்கும். அகலமான சேணம் முன்னால் அமிழ்ந்து அங்கே உட்காரும். சவாரி முடிந்து இறக்கியதும் பேடின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் வியர்வையில் நனைந்து, உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது என்று சந்தேகப்படலாம்.

குளம்பு: தரோபிரெட்டுக்கு உள்ளங்குளம்பு மெல்லியது. இரண்டு முன்னங்காலும் சமமாக வலித்தால் நொண்டல் வெளியே தெரியாது, தலை ஆட்டவும் ஆட்டாது, நடை மட்டும் குட்டையாகும். அதனால் 10 மீட்டர் வட்டத்தில் மணலிலும் கெட்டித் தரையிலும் லஞ்ச் பண்ணி (நீளக் கயிற்றில் சுற்றி ஓடவிட்டு) இரண்டையும் ஒப்பிடுங்கள். கெட்டித் தரையில் அடி குறுகினால் மருத்துவர் குளம்பு இடுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். லாடம் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். முன் விளிம்பு நீண்டுவிட்ட குளம்பு எழும்பும்போது தாமதமாகத்தான் திரும்பும், குதிரைக்கு அது தெரியும்.

வயிறு: ரேஸ் லைனில் இருந்து வந்த குதிரைகளில் இரைப்பைப் புண் மிகவும் சாதாரணம். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருவது, தீனியைப் பாதியில் விடுவது, காலால் அழுத்தினால் முன்னால் போகாமல் சுருங்குவது எல்லாம் அடையாளம். எண்டோஸ்கோபியில்தான் உறுதியாகும். அதுவரை வெறும் வயிற்றில் சவாரி வேண்டாம். 20, 30 நிமிடம் முன்னால் ஒரு கட்டு உலர்புல்லோ குதிரைமசாலோ கொடுங்கள். வயிற்றில் புல் மெத்தை இருந்தால் ஓடும்போது அமிலம் மேலே தெறிப்பது குறையும்.

கண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போதும் இடது பக்கமே நழுவுவது கண்ணாலும் வரலாம், வலது முன்னங்காலில் இறங்கப் பிடிக்காததாலும் வரலாம், உங்கள் கையாலும் வரலாம்.

பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. தடைக்கு முன்னால் 3 மீட்டர் மணலை ரேக் போட்டுச் சமப்படுத்துங்கள். ஒரே ஒரு தடவை தாண்டி, உடனே இறங்கிப் போய் எழும்பிய இடத்தின் தடங்களைப் பாருங்கள். பின்னங்கால் இரண்டும் ஏறக்குறைய பக்கம் பக்கமாக, ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு தடம் ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் பின்தங்கி, ஆழம் குறைந்திருந்தால் அந்தக் காலில் பாரம் வைக்கத் தயங்குகிறது. முன்விளிம்பு உழுதுகொண்டு போன கோடு இருந்தால் ஹாக்கைக் காட்டுங்கள். தடங்கள் போலின் நடுவை விட்டு இடப்பக்கமே இருந்தால், நழுவல் தடையில் தொடங்கவில்லை, திருப்பத்திலேயே தொடங்கிவிட்டது. ஐந்து தடவை பாருங்கள். ஒரு தடவையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மருத்துவர் சில நாள் வலிநிவாரணி கொடுத்து நடத்தை மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். நல்ல வழிதான். ஆனால் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி போட்டியில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. தேதியை எழுதி வையுங்கள்.

நாலு_நடை (பதில்):

குளம்பொலி அண்ணன் சொன்னதை முடிச்சுட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் நான் சொல்றது.

முதல் வேலை, நீங்க எடுத்து வைக்கற ஒவ்வொரு நடையும் 90 செ.மீ. வரப் பழகுங்க. தரையில டேப்பை விரிச்சு, பார்க்காமலே அதே அளவு வர்ற வரைக்கும் நடங்க. நாலு நடை ஒரு கேன்டர் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) ஸ்ட்ரைட், அதாவது 3.6 மீட்டர். தாண்டி இறங்க ரெண்டு நடை, அடுத்ததுக்கு எழும்ப ரெண்டு நடை. அப்போ நடுவுல ஒரு ஸ்ட்ரைட் வேணும்னா எட்டு நடை, ரெண்டுக்குப் பன்னிரண்டு, நாலுக்கு இருபது. இது 1 மீட்டர் உயரத்துல, நல்ல வேகத்துல. 60, 70 செ.மீ.யில இறங்கற இடமும் எழும்பற இடமும் தடைக்குக் கிட்ட வந்துடும், குதிரையும் மெதுவா வரும். அதனால 30-லேர்ந்து 60 செ.மீ. வரை குறைங்க. தயங்கற குதிரைக்கு முழு அளவு வச்சுட்டு "எட்டலையே"ன்னு திட்டறது நியாயமே இல்ல.

முதல் ரெண்டு வாரம் ட்ராட்தான் (கேன்டரை விட மெதுவான துள்ளுநடை). தரையில நாலு போல், 1.3 மீட்டர் இடைவெளி. ரெண்டு போல் மட்டும் வைக்காதீங்க, ரெண்டையும் ஒரே பாய்ச்சல்ல தாண்டப் பார்க்கும். குதிரை தலையைக் கீழே விட்டு, ஒரு போலையும் தொடாம, அதே தாளத்துல நாலு தடவை போனா நாலாவது போலை எடுத்துட்டு, மூணாவது போல்லேர்ந்து 2.6 மீட்டர்ல 40 செ.மீ. க்ராஸ் வைங்க. இறங்கற பக்கம் 2.7 மீட்டர்ல தரையில ஒரு போல் போட்டா இறங்கினதும் விர்ருன்னு ஓடறது அடங்கும்.

மூணு, நாலாவது வாரம் கிரிட் (அளந்த இடைவெளியில வரிசையா வச்ச தடைகள்). அளவு இதோ: தரைப் போல், 2.5 மீட்டர் தள்ளி க்ராஸ், அங்கேர்ந்து 5.5 மீட்டர்ல வெர்டிகல், அங்கேர்ந்து 6.2 மீட்டர்ல ஆக்ஸர். ட்ராட்ல வந்து க்ராஸ், ஒரு ஸ்ட்ரைட், வெர்டிகல், ஒரு ஸ்ட்ரைட், ஆக்ஸர். முதல் நாளே மூணையும் கட்டாதீங்க. வெர்டிகலும் ஆக்ஸரும் தரைப் போலாவே கிடக்கட்டும். க்ராஸ் சுலபமானதும் வெர்டிகலை 45-க்குத் தூக்குங்க, அப்புறம் ஆக்ஸரை. ஆக்ஸர்ல பின் போல் எப்பவும் முன் போலை விட ஒரு துளை (தடை ஸ்டாண்டுல உயரம் மாத்தற துளை) உயரமா இருக்கணும், அகலம் உயரத்தை விடக் குறைவா இருக்கணும்.

கிரிட் ஏன் வேலை செய்யுதுன்னா, எழும்பற இடத்தை அளவே குதிரைக்குக் காட்டிக் கொடுத்துடுது. நீங்க எதையும் கணிக்க வேண்டாம், தொந்தரவு பண்ணாம உட்கார்ந்தா போதும். ரேஸ் குதிரைக்கு இது ரொம்ப முக்கியம். ரேஸ்ல ஜாக்கி கடிவாள வாரை இறுக்கிப் பிடிச்சா அதுல சாய்ஞ்சு ஓடணும்னு கத்துக்கிட்ட குதிரை அது. தடைக்கு முன்னாடி நீங்க இழுத்தா வேகம் கூடும், சமநிலை போகும். கடைசியில சட்டுன்னு வாரை விட்டீங்கன்னா, சாய்ஞ்சிருந்த சுவரே காணாமப் போன மாதிரி நின்னுடும். அடியில வந்து நிக்கறதுக்கு இதுதான் காரணமா இருக்கலாம்னு எனக்குத் தோணுது.

ஒரு நாளைக்குக் கிரிட் எட்டு, பத்து தடவைக்கு மேல வேண்டாம். வாரத்துல ரெண்டு நாள், நடுவுல ரெண்டு நாளாவது இடைவெளி. உயரத்தை ஒரு தடவைக்கு ஒரு துளை மட்டும் ஏத்துங்க. ஏத்தினதும் காதைப் பாருங்க. ரெண்டு காதும் தடையைப் பார்த்து முன்னாடி இருந்து, எழும்பற நேரத்துல ஒண்ணு உங்க பக்கம் திரும்பிட்டு மறுபடி முன்னாடி போனா சந்தோஷமா வேலை செய்யுது. ரெண்டும் குத்திட்டு நின்னு, கழுத்து குட்டையாகி, மூச்சைப் பிடிக்கறது உங்க கால்ல தெரிஞ்சா, அது தாண்டியே இருந்தாலும் ஒரு துளை இறக்குங்க. பயத்தோட தாண்டின தாண்டல் அடுத்த நாள் நிக்கறதா திரும்பி வரும்.

அஞ்சு, ஆறாவது வாரம் கேன்டர்ல தனித் தடை. 60 செ.மீ., முன்னாடி 2.8 மீட்டர்ல ஒரு தரைப் போல். வேகத்தைக் கண்ணால நம்பாதீங்க. 30 மீட்டர் இடைவெளியில ரெண்டு கோன் வச்சு ஒருத்தரை நேரம் பார்க்கச் சொல்லுங்க. 5.5 விநாடி வந்தா நிமிஷத்துக்கு 325 மீட்டர், சின்ன கிளாஸுக்குச் சரியான வேகம். தயங்கற குதிரை மேல இருக்கறவங்க 7 விநாடியில வந்துட்டு நல்ல வேகம்னு நினைச்சுக்குவாங்க. அந்த வேகத்துல எழும்ப என்ஜின் இருக்காது.

சவுக்குத்தோப்பு:

ரொம்ப நன்றி. மணல் தடம் இன்னிக்கே பார்த்தேன், அஞ்சுல நாலு தடவை நடுவுலேர்ந்து ஓரடி இடப்பக்கம் இருக்கு. பின்னங்கால் தடம் ரெண்டும் சமமாத்தான் இருக்கு. மருத்துவர் சனிக்கிழமை வர்றார்.

ரெண்டு சந்தேகம். நின்னுட்டா அந்த நிமிஷம் என்ன பண்ணணும்? டிரம்மை எப்படிப் பழக்கறது?

நாலு_நடை:

நின்னா திரும்பவே விடாதீங்க. அதுதான் முதல் விதி. தடையைப் பார்த்தபடியே நேரா ரெண்டு மூணு விநாடி நிக்கட்டும், மூச்சு விடட்டும். வட்டம் போட்டு மறுபடி அதே உயரத்துக்கு வேகமா வர்றதுதான் பெரும்பாலானவங்க செய்யற தப்பு. குதிரை அதுலேர்ந்து "நின்னா ஒரு சுத்து கிடைக்கும்"னு படிச்சுக்கும். கீழே நிக்கறவர் உடனே போலை 30 செ.மீ.க்கு இறக்கட்டும். ஆறேழு ஸ்ட்ரைட் தூரம் வர்ற அளவுக்கு மட்டும் திரும்பி, ட்ராட்ல வந்து தாண்டுங்க. தாண்டினதும் கழுத்தைத் தடவுங்க, குரல்ல சொல்லுங்க. அப்புறம் ரெண்டு தடவையில பழைய உயரத்துக்கு ஒரு துளை கீழே வரைக்கும் போய் அன்னிக்கு அதோட முடிங்க.

இடப்பக்கம் நழுவினா வலப்பக்கம்தான் திருப்பணும், நழுவின பக்கமே சுத்த விடக்கூடாது. சாட்டை இடது கையில. முன் போல் மேல இடப்பக்கமா ஒரு போலைச் சாய்ச்சு, மறுமுனை வரும் பக்கம் தரையில இருக்கற மாதிரி வைங்க. ஒரு வாரம் கழிச்சு அதை இறக்கித் தரையிலயே வழிகாட்டியா விடுங்க. வலது வாரை வெளியே திறங்க, இடது காலை வயிற்று வார்ப்பட்டிக்குப் பக்கத்துல வைங்க. இடது வாரைக் கழுத்துக்கு மேல குறுக்கே இழுக்கறது கழுத்தை மட்டும் வளைக்கும், தோள் சாவகாசமா இடப்பக்கம் போகும்.

உங்க உடம்பு: குதிரை கழுத்துல பழைய அங்கவடி வாரைக் கட்டிக்கோங்க, எழும்பறப்போ அதுல ரெண்டு விரலை மாட்டினா கடிவாளத்துல தொங்க மாட்டீங்க. கடைசி மூணு ஸ்ட்ரைட்ல மேலுடம்பு குதிரைக்கு முன்னாடி போகவே கூடாது. நெஞ்சு தடைக்கு முன்னாடியே சாய்ஞ்சா பாரம் முழுக்க முன்னங்கால்ல இறங்கும், அந்தக் காலைத்தான் அது முதல்ல தூக்கணும். பார்வை போல்ல வேண்டாம், தாண்டினதுக்கு அப்பால ஒரு மரத்தையோ வேலிக்கம்பத்தையோ பாருங்க. காலால அழுத்தறது தயக்கம் தெரியற அந்த நொடியில, அதாவது நாலஞ்சு ஸ்ட்ரைட் முன்னாடி. நின்னதுக்கப்புறம் சாட்டை போட்டா, தடைக்குப் பக்கத்துல வந்தா வலிக்கும்னுதான் அது கத்துக்கும். மனசு ஒப்பலன்னு சொன்னீங்களே, அந்த மனசை மாத்திக்காதீங்க.

வெள்ளைக்கொடி (பதில்):

டிரம் விஷயம் நான் சொல்கிறேன், கூடவே உங்கள் சவுக்குப் போல் பற்றியும்.

குதிரையின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை மூன்றும் மங்கலாக ஒன்றுபோலத் தெரியும். இதனால்தான் பிரிட்டனில் தடை ஓட்டங்களின் ஆரஞ்சுப் பட்டைகளை வெள்ளைக்கு மாற்றும் முடிவை எடுத்தார்கள். எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு அதற்கு அடிப்படை. உங்கள் மைதானத்தில் பழுப்பு மணலுக்கு மேல் பழுப்புச் சவுக்கு, அதுவும் காலை 6 மணி வெளிச்சத்தில். 70 செ.மீ. வெர்டிகலின் மேல்போல் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாமல் இருந்தால் ஆச்சரியமில்லை. ஒரு லிட்டர் வெள்ளை, அரை லிட்டர் நீல எனாமல் வாங்கி, அரை மீட்டர் பட்டைகளாக அடியுங்கள். முனையிலும் நடுவிலும் வெள்ளை வரட்டும். இந்த ஒரு வேலையிலேயே வெர்டிகல் பிரச்சினை பாதி குறைய வாய்ப்பு உண்டு.

தரைக்கோடு வேண்டும். ஒரு போலைத் தடையின் வரும் பக்கத்தில், 20-லிருந்து 30 செ.மீ. முன்னால் தரையில் போடுங்கள். குதிரை அடியைப் பார்த்துத்தான் எழும்பும் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்தப் போல் தடைக்குப் பின்னால் உருண்டு போயிருந்தால் தடை தூரமாக இருப்பதாக ஏமாந்து, மிகக் கிட்டே வந்து நிற்கும், அல்லது மோதும். இரண்டு பக்கமிருந்தும் தாண்டுவீர்கள் என்றால் இரண்டு பக்கமும் தரைக்கோடு போடுங்கள்.

நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் அதற்குப் பார்வை கிடையாது. தூரத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும், கிட்டத்தில் பார்க்க இறக்கும். மார்டிங்கேலை (தலை மிக உயராமல் தடுக்கும் வார்) குட்டையாகக் கட்டினாலும், கையைப் பூட்டிக்கொண்டாலும் பார்ப்பதையே தடுக்கிறோம். டிரம்முக்கு ஆறேழு ஸ்ட்ரைட் முன்னால் தலை தூக்குகிறது என்றீர்களே, அது பார்க்க முயல்கிறது. அந்த நேரத்தில் தலையைக் கீழே இழுத்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். உங்கள் கால்களைக் குதிரையின் பக்கத்தில் ஒட்டி வைத்து, தாளத்தை மட்டும் காப்பாற்றுங்கள்.

காலை 6 மணிக்குக் கிழக்கு நோக்கித் தாண்டுகிறீர்களா? தாழ்ந்த சூரியன் கண்ணில் நேராக அடிக்கும். தடைகளை வடக்கு தெற்காகத் திருப்பி வையுங்கள். வெயிலிலிருந்து மர நிழலுக்குள் தாண்ட வைப்பதும் கடினமான பாடம். குதிரைக் கண் வெளிச்ச மாற்றத்துக்கு நம் கண்ணைவிட மெதுவாகவே பழகும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டிரம். ஒவ்வொன்றிலும் பாதி மணல் நிரப்பி மூடியை இறுக்குங்கள். காலி டிரம் படுக்க வைத்தால் உருண்டு காலுக்குள் வரும், ஒரு தடவை வந்தால் ஆறு மாத வேலை போச்சு. முதலில் தடையே இல்லாமல், இரண்டு டிரம்முக்கு நடுவே 3 மீட்டர் விட்டு நடந்து போங்கள், பிறகு ட்ராட், பிறகு கேன்டர். அதே இடத்தில் 40 செ.மீ. க்ராஸ் கட்டி, டிரம்களை விங் (தடையின் பக்கத் தாங்கி) ஓரத்தில் வையுங்கள். நடு இடைவெளி 1.5 மீட்டர். மூன்று தடவை தயங்காமல் போனால் ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. உள்ளே தள்ளுங்கள். இடைவெளி 60 செ.மீ.க்கு வந்ததும் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் 1 மீட்டரிலிருந்து தொடங்குங்கள். முழுக்க மூடும் நாளில் உயரம் 50-ஐத் தாண்ட வேண்டாம். டிரம் படுத்துக் கிடந்தாலே ஏறக்குறைய 60 செ.மீ. வரும், அதனால் மூடும் கட்டத்துக்குச் சின்ன டிரம் அல்லது பலகை தேவை. முன்னால் தரைக்கோடு, மேலே வெள்ளைப் பட்டைப் போல், இரண்டும் கட்டாயம்.

தார்ப்பாய்க்கும் இதே முறை. நான்காக மடித்து 30 செ.மீ. அகலத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு நீள ஓரத்தையும் போலுக்குக் கீழே அமுக்குங்கள். காற்றில் படபடத்தால் பயம் இரட்டிப்பாகும்.

தைரியமான இன்னொரு குதிரை இருந்தால் முதல் இரண்டு தடவை அதை முன்னால் விட்டு, மூன்று குதிரை நீளம் தள்ளிப் பின்தொடருங்கள். மூன்றாவது தடவை தனியாகப் போக வேண்டும். இல்லையென்றால் முன்னால் போகும் குதிரையையே நம்பப் பழகிவிடும். புதுப் பொருள் எதையும் முதலில் லாயம் இருக்கும் திசையை நோக்கித் தாண்ட வையுங்கள், அந்தப் பக்கம் அதற்கே போக ஆசை இருக்கும்.

பாதுகாப்பு குறித்து ஒன்று. பயன்படுத்தாத கப்புகளை (போல் உட்காரும் தாங்கி) ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கீழே வையுங்கள். ஆக்ஸரின் பின் போலுக்கு அழுத்தினால் விடும் பாதுகாப்புக் கப் போடுங்கள். சவுக்கு கனமான மரம், கப்பில் இறுகி உட்கார்ந்தால் விழாது, குதிரைதான் விழும்.

சவுக்குத்தோப்பு:

பெயின்ட் இன்னிக்கே வாங்கிடறேன். தடை கிழக்கு பார்த்துதான் இருந்தது, அது எனக்குத் தோணவே இல்ல. கடைசிக் கேள்வி: போட்டி அன்னிக்கு என்ன பண்ணணும்? நின்னா விதி என்ன?

வெள்ளைக்கொடி:

சர்வதேச விதியில் முதல் மறுப்புக்கு 4 தண்டனைப் புள்ளி, இரண்டாவது மறுப்புக்கு வெளியேற்றம். உள்ளூர்ச் சின்ன கிளாஸ்களில் மூன்றாவது வரை விடுவதும் உண்டு, அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நிற்கும்போது தடை சரிந்தால் கடிகாரத்தை நிறுத்தி, கட்டி முடித்த பிறகு 6 விநாடி சேர்ப்பார்கள். மணி அடிக்காமல் கிளம்பாதீர்கள். இரட்டைத் தடையில் இரண்டாவதில் நின்றால் முதலிலிருந்து இரண்டையும் தாண்ட வேண்டும். குதிரையை நடத்திப் போய்த் தடையைக் காட்டுவதற்கு விதி இடம் தராது.

ஆனால் தொடக்க மணி அடித்ததும் 45 விநாடி கிடைக்கிறது. அதை வட்டமடித்து வீணாக்காமல், பயப்படும் தடைகளுக்குப் பக்கவாட்டில் நல்ல கேன்டரில் கடந்து போங்கள். எது பயப்படுத்தும் என்பதைப் பாதையை நடந்து பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்: நுழைவாயிலை விட்டு விலகிப் போகும் தடை, நிழலில் இருப்பது, கூட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது, விளம்பரப் பலகை வைத்தது.

வார்ம்-அப் 20, 25 நிமிடம். தாண்டல் ஆறிலிருந்து எட்டுக்குள்: இரண்டு க்ராஸ், மூன்று வெர்டிகல், இரண்டு ஆக்ஸர். கடைசித் தாண்டல் உங்கள் முறைக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னால் இருக்கட்டும், அதற்குப் பின் நடையில் வைத்திருங்கள். சிவப்புக் கொடி வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். வார்ம்-அப்பிலும் அந்தத் திசையில்தான் தாண்ட வேண்டும். அங்கே போய் 90 செ.மீ. சோதித்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் 90 செ.மீ. தடைகள் கொண்ட முழுச் சுற்றைப் புதுப் பொருட்களோடு நிற்காமல் முடிக்கும் குதிரைதான் வெளியிடத்தில் 80 செ.மீ. போட்டிக்குத் தயார். எட்டு வாரத்தில் அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆறாவது வாரம் வேறு ஒரு லாயத்துக்கு ஏற்றிக்கொண்டு போய், அங்கே 50, 60 செ.மீ. மட்டும் தாண்டிப் பாருங்கள். அங்கே தலை தூக்கி நின்றால் பதிவை 60-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், இழப்பு நுழைவுக் கட்டணம்தான்.

போட்டியில் இரண்டாவது தடவையும் நின்றுவிட்டால் கோபப்படாமல் வணக்கம் வைத்து வெளியே வந்து, வார்ம்-அப்பில் 40 செ.மீ. க்ராஸ் ஒன்றைத் தாண்டவிட்டு, பாராட்டி, இறங்கிவிடுங்கள்.

குளம்பொலி:

பின்னங்கால் தடம் சமமாக இருப்பது நல்ல செய்தி. ஆனால் சனிக்கிழமை மருத்துவரிடம் வலது முன்னங்காலைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், எந்த முன்னங்காலில் இறங்குகிறது என்பதையும் அதற்குள் குறித்துவையுங்கள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை இடது காலிலேயே இறங்கினால், அவருக்கு அது முக்கியமான தகவல்.

வீடியோவும் எடுங்கள். ஒன்று தடைக்குப் பக்கவாட்டில் 15 மீட்டர் தள்ளி, இன்னொன்று தாண்டி வரும் பக்கத்தில் நேர் எதிரே, போலின் நடுவுக்கு நேராக. கேமரா இடுப்பு உயரத்தில் அசையாமல் இருக்க வேண்டும். தாண்டிய ஒன்று, நின்ற ஒன்று, இரண்டையும் போடுங்கள். சேணப் பேடின் அடிப்பக்கப் படமும், கடைசியாக லாடம் அடித்த தேதியும் கூடவே வேண்டும்.